மாமனார் கேட்ட பந்து

காணும் பொங்கலன்று மாப்பிள்ளை வருகிறார் என்று தாயாரம்மாள் விடியுமுன்பே உளுந்தை ஊறப்போட்டாள். போட்ட பிறகும் அவளுக்கு நம்பிக்கை வரவில்லை.

"வருவாரா?" என்று அடுப்பைப் பார்த்துக் கேட்டாள். அடுப்பு புகைந்தது.

"வருவாரும்மா. டீமே வருது, அவர் மட்டும் வராம இன்னா பண்ணுவாரு?" என்றான் அவள் மகன் வேதாசலம்.

"டீம் ஆட்டத்துக்கு வரும். வீட்டுக்கு வருமா?"

அந்த வீட்டில் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் யோக்கியதை ஒருவருக்கு இல்லையென்றால் அது வேதாசலத்துக்குத்தான் இல்லை.

ஆடிக் கிருத்திகையன்று நடந்தது தெருவுக்கே தெரியும். புதுப்பெண் சுலோச்சனாவை ஆடிக்கு அழைத்து வந்திருந்தார்கள். மாப்பிள்ளை கஜபதி விருந்துக்கு வருவதாக ஏற்பாடு. அரக்கோணம் எஞ்சின் ஷெட்டில் ஃபயர்மேன் வேலை அவருக்கு. முன்கோபி என்று சொல்ல முடியாது, ரோஷக்காரர். வீட்டார் எல்லோரும் திருத்தணி மலைக்குப் போயிருந்தார்கள். மாப்பிள்ளையை வரவேற்க வேதாசலத்தை மட்டும் வீட்டில் விட்டுப் போனார்கள்.

தெருவில் ஒரு பம்பைச் சத்தம் கேட்டது. பூக்காவடி ஒன்று ஆளுயரத்துக்கு மேல் ஆடிக்கொண்டு போயிற்று. கோடி வரை போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்று வேதாசலம் கதவைப் பூட்டினான். கூட்டம் அவனைத் தள்ளிக்கொண்டு படிக்கட்டு வரை போய்விட்டது. திரும்பி வந்தபோது பூட்டின கதவின் முன்னால் ஒரு சீப்பு வாழைப்பழமும் வெற்றிலைப் பொட்டலமும் இருந்தன. வைத்தவர் இல்லை.

அத்தனை ஜனங்கள் பார்க்க மாமியார் வீட்டு வாசலில் நின்றுவிட்டுத் திரும்பிய மனிதர் அப்புறம் வரவில்லை. பெண்ணை வந்து கூட்டிப் போகவும் இல்லை. "வந்து கூப்பிடட்டும்" என்று அவர் அங்கே இருந்தார். "சொல்லாமப் போனவரை நாம எப்படிக் கூப்பிடறது?" என்று மாமனார் பக்தவச்சலம் இங்கே இருந்தார். ஆவணி போயிற்று, தீபாவளி போயிற்று. தலைப்பொங்கலும் பெண் பிறந்த வீட்டிலேயே கழிந்தது. சுலோச்சனாவின் டிரங்குப் பெட்டி மட்டும் கட்டின நிலையிலேயே மூலையில் கிடந்தது.

கிரிக்கெட் ஆட்டம் பக்தவச்சலத்தின் யோசனை. திருத்தணி ஸ்டேஷனில் அவர் பார்சல் குமாஸ்தா. வாலிப வயசில் அரக்கோணம் ரயில்வேக்காரர்களோடு விக்கெட் கீப்பராக நின்றவர். இப்போது முட்டி வலி. ஆனாலும் சைக்கிள் கடை கரீமுல்லாவின் வேகப்பந்தைப் பிடிக்க ஊரில் வேறு ஆள் கிடையாது. அரக்கோணம் டீமில் முதல் ஆட்டக்காரர் கஜபதி. ஆட்டத்துக்கு என்று கூப்பிட்டால் அது மாப்பிள்ளையைக் கூப்பிட்டதாக ஆகாது. ஆட்டம் முடிந்து அப்படியே வீட்டுக்கு நடந்தால் அது மாமனார் வீட்டைத் தேடி வந்ததாகவும் ஆகாது. இரண்டு பேரும் படியிறங்க வேண்டியதில்லை.

"உன் புருஷன் வந்துட்டா அப்படியே சாயங்கால வண்டியில ஏத்திடுவேன்" என்று மகளிடம் சொல்லியிருந்தார்.

வேதாசலத்துக்கு அம்பயர் வேலை. வக்கீலிடம் குமாஸ்தாவாக இருந்த அவனுக்குச் சட்டம் என்றால் தனி மரியாதை. அரக்கோணத்திலிருந்து விதிப்புத்தகம் ஒன்றை இரவல் வாங்கி, ஒரு வாரமாக உருப்போட்டான். சுலோச்சனா ஆட்டுக்கல்லில் மாவாட்டிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ஒருத்தன் அவுட்டாவறதுக்கு மொத்தம் எத்தினி வழிடா?"

"ஒம்போது."

"வெளிய போறதுக்கு ஒம்போது வழி கீதா? எனக்கு ஒண்ணுகூட அகப்படலியே" என்றாள் அவள், குழவியை நிறுத்தாமல்.

அவன் தலையைக் குனிந்துகொண்டு மறுபடி முதலிலிருந்து படித்தான்.

கரீமுல்லாவின் சைக்கிள் கடையில் ஊர் ஆட்களுக்கும் பாடம் நடந்தது. ஸ்டம்பு பறந்தால் அவுட், பந்தை மேலே அடித்துப் பிடித்துவிட்டால் அவுட், காலைக் குறுக்கே வைத்து மறித்தால் அவுட் என்பதெல்லாம் அவர்களுக்கே தெரியும். ஓடிச் சேருமுன் ஸ்டம்பைத் தட்டுவதும், கோட்டைத் தாண்டி வந்தவனைக் கீப்பர் தட்டுவதும் வெவ்வேறு என்று விளங்க வைக்கவே அரை மணி நேரமாயிற்று. தன் மட்டையால் தன் ஸ்டம்பையே இடித்துக்கொள்கிறவனைப் பற்றிச் சொன்னபோது எல்லோரும் சிரித்தார்கள்.

"அப்புறம்?" என்றான் கரீமுல்லா.

"வேணும்னு பந்தை ரெண்டு தடவை அடிச்சா அவுட்டு. பிடிக்க வர்றவனை மறிச்சா அவுட்டு. ஆட்டத்துல கீற பந்தைக் கையால தொட்டா அவுட்டு."

"இன்னாப்பா இது? பந்து மடியா கீதா, தொட்டா ஆவாதுன்றதுக்கு?"

"ஆனா நீ கேக்கணும். கேக்காம அம்பயர் குடுக்க மாட்டான்."

"கேக்கறதுதான? அதுக்குத்தான் அல்லா தொண்டை குடுத்துக்கீறான்."

நந்தியாற்றங்கரைப் பொட்டலில் வெயில் ஏறுவதற்குள் கூட்டம் சேர்ந்துவிட்டது. காணும் பொங்கலுக்கு மலைக்கு வந்தவர்கள் கரும்பும் கையுமாக உட்கார்ந்தார்கள். மாமனாரும் மாப்பிள்ளையும் எதிரெதிரே வந்தபோது இரண்டு பேரும் ஒரே சமயத்தில் வானத்தைப் பார்த்தார்கள், மழை வருமா என்பது போல. தை மாசத்தில் மழையைப் பற்றி அப்படி என்ன கவலையோ.

திருத்தணி முதலில் ஆடிச் சுமாராக ரன் சேர்த்தது. பிற்பகலில் கஜபதி மட்டையோடு வந்தார். ஸ்டம்புக்கு முன்னால் நின்று, எதிர்ப்புறம் நின்ற வேதாசலத்தைப் பார்த்தார்.

"அம்பயர் மச்சான்! மிடில் ஸ்டம்பு எங்கன்னு காட்டுவீங்களா? இல்ல, அதையும் பூட்டிட்டு எங்கியாச்சும் கெளம்பிடுவீங்களா?"

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எல்லைக் கோட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. அதற்குப் பிறகு யார் ரன் எடுத்தாலும், எடுக்காவிட்டாலும், கூட்டத்திலிருந்து எவனாவது ஒருவன் "பூட்டு!" என்று கத்தினான்.

அம்பயருக்குக் காது கிடையாது என்று வேதாசலம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். வலக்கையில் கூழாங்கற்களை வைத்துக்கொண்டு பந்துக்கு ஒன்றாக இடப்பையில் போட்டான். நிதானமாகத்தான் இருந்தான். ஒரு பந்து கஜபதியின் காலில் பட்டபோது ஊரே எழுந்து நின்று கேட்டது. பந்து எங்கே விழுந்தது, கால் எங்கே இருந்தது, ஸ்டம்புக்குப் போயிருக்குமா என்று ஒவ்வொன்றாக யோசித்தான். சந்தேகம் இருந்தது. "நாட் அவுட்" என்றான்.

"துட்டு வாங்கிட்டான்டா மச்சானுக்கு மச்சான்!" என்று ஒரு குரல்.

இன்னொரு குரல், "இல்லடா, பூட்டைத் தொறந்துட்டான்!"

கஜபதி அதற்கும் சிரித்தார். பார்த்துப் பார்த்து அடித்தார். வெயில் சாயும்போது அரக்கோணத்துக்கு இன்னும் கொஞ்சம் ரன்தான் பாக்கி. எதிர்ப்பக்கம் ஆள் மாறிக்கொண்டே இருந்தது, அவர் மட்டும் நின்றார். அவர் நின்றால் ஜெயம் அவர்களுக்கு.

அப்போதுதான் அது நடந்தது.

கரீமுல்லா வேகமாக ஒன்று போட்டான். கஜபதி மட்டையைச் செத்தாற்போல வைத்துத் தடுத்தார். பந்து அவர் காலடியிலேயே விழுந்து நின்றது. கரீமுல்லா துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தபடி திரும்பி நடந்தான்.

பக்தவச்சலம் ஸ்டம்பைச் சுற்றிக்கொண்டு முன்னால் வந்தார். நாள் முழுதும் குந்தி எழுந்ததில் முட்டி இறுகியிருந்தது. ஒரு கையைத் தொடையில் ஊன்றி, இன்னொரு கையை நீட்டி, மெல்லக் குனிந்தார். அவர் கை போன இடம் மாப்பிள்ளையின் பாதம்.

கஜபதி தீயை மிதித்தவர் போலக் காலை இழுத்துக்கொண்டார். "ஐயோ, மாமா! வேணாம்!"

பக்தவச்சலம் பாதி குனிந்த நிலையிலேயே நிமிர்ந்து பார்த்தார். ஆடியிலிருந்து அந்த இரண்டு பேரும் முகத்துக்கு முகம் பார்த்தது அப்போதுதான்.

"எடுத்துக் குடுங்க மாப்பிள்ளை. முட்டி வரமாட்டேங்குது."

கூட்டத்தில் அப்போது கூச்சல் இல்லை. வேதாசலத்துக்குத் தெளிவாகக் கேட்டது. கஜபதி மட்டையை அக்குளில் இடுக்கினார், குனிந்தார், பந்தை எடுத்தார். பெரியவர்களுக்கு எதையும் கொடுக்கிற மாதிரி, இடக்கையால் வலது முழங்கையைத் தொட்டுக்கொண்டு மாமனார் கையில் வைத்தார். பக்தவச்சலம் லேசாகச் சிரிக்கக்கூடச் சிரித்தார்.

திரும்பிய கரீமுல்லாவின் கண்ணில் பட்டது, பந்து கையிலிருந்து கைக்குப் போனது மட்டும்தான்.

"அம்பயர்! கையால தொட்டுட்டாரு! இன்னா சொல்றே?"

கேலிக்குத்தான் கேட்டான். பாடம் படித்த மாணவன் வாத்தியாருக்கு ஒப்பித்துக் காட்டுகிற கேலி. கூட்டத்திலிருந்து அந்த நேரம் பார்த்து, "பூட்டு!" என்று ஒருவன் கத்தினான்.

வேதாசலத்தின் வலக்கை மேலே போயிற்று. உள்ளங்கையிலிருந்த கூழாங்கற்கள் சிதறி விழுந்தன. ஒரு விரல் மட்டும் நின்றது.

அரக்கோணத்து அம்பயர் சிங்காரம் தன் இடத்திலிருந்து ஓடிவந்தார்.

"இன்னாப்பா இது? கேள்விப்பட்டதே இல்லியே! பந்தை எடுத்துக் குடுத்தா அவுட்டா?"

"ஆட்டத்திலிருக்கும் பந்தை ஆட்டக்காரர் கையால் தொட்டால் அவுட்" என்று வேதாசலம் ஒப்பித்தான். அதோடு நிறுத்திக்கொண்டான்.

விதி அங்கே நிற்கவில்லை. எதிர்க்கட்சியார் கேட்டுக்கொண்டு தொட்டால் அவுட் ஆகாது என்று அதே வரியில் பின்பாதி இருந்தது. ஒரு வாரம் உருப்போட்டவனுக்கு அது மறக்கவில்லை. வாயில்தான் வரவில்லை.

பக்தவச்சலம் கையில் பந்தோடு நின்றார். அவருக்குப் பின்பாதி தெரியாது. அம்பயரிடம் எதிர்த்துப் பேசுகிற பழக்கமும் அவருக்குக் கிடையாது. மகனைப் பார்த்தார், மாப்பிள்ளையைப் பார்த்தார், கடைசியில் கையிலிருந்த பந்தைப் பார்த்தார்.

கஜபதி மட்டையை எடுத்துக்கொண்டு நடந்தார். அவர் பாதி தூரம் போன பிறகுதான் கூட்டம் கூச்சல் போட்டது.

மிச்சம் இரண்டு பேரும் சீக்கிரமே விழுந்தார்கள். இடையில் ஓவரில் எத்தனை பந்து ஆயிற்று என்று வேதாசலத்துக்குத் தெரியவில்லை. சிங்காரம்தான் முகத்தைச் சுளித்துக்கொண்டு சொன்னார்.

திருத்தணி ஜெயித்தது. தேங்காய்க் கடை பங்காரு ரெட்டியார் கேப்டனுக்கென்று வாங்கி வைத்திருந்த சாமந்தி மாலையைத் தூக்கிக்கொண்டு நேரே வேதாசலத்திடம் வந்தார்.

"அம்பயர்னா இவன்டா அம்பயர்! சொந்த பாவா, அக்கா புருஷன்னு பார்த்தானா? சட்டம்னா சட்டம்! இப்படி ஒருத்தன் கோர்ட்டுல உக்காந்தா ஊர்ல ஒரு வழக்கு இருக்காது!"

மாலை கழுத்தில் விழுந்தது. நாலு பேர் தோளில் தட்டினார்கள். நியாயம் தப்பாதவன் என்று அவனை அவன் வாழ்நாளில் அதுவரை யாரும் சொன்னதில்லை. சொன்ன முதல் நாள் இதுவாகவா இருக்க வேண்டும்? கழற்றினால் ஏன் என்று கேட்பார்கள். வேதாசலம் மாலையோடு வீட்டுக்கு நடந்தான். சாமந்தி இதழ்கள் வியர்வையில் கழுத்தெல்லாம் ஒட்டிக்கொண்டன.

வீட்டில் வடை வாசனை தெருக்கோடி வரை வந்தது. சுலோச்சனா மாம்பழ மஞ்சள் புடவை கட்டி, பெட்டியைக் கூடத்துக்கு நகர்த்தி வைத்து, அதன் மேலேயே உட்கார்ந்திருந்தாள்.

"மாலை எல்லாம் போட்டுக்கினு வர்றியே. ஜெயிச்சிட்டீங்களா? அவரு எங்க?"

"நைனா கூட்டிக்கினு வருவாரு" என்றான் அவன். சுவரைப் பார்த்துத்தான் சொன்னான்.

பக்தவச்சலம் தனியாக வந்தார். ஸ்டேஷன் பக்கமிருந்து வந்தார். தண்ணீர்ச் செம்பை நீட்டிய தாயாரம்மாளிடம் வாங்கிக் குடிக்காமல் கீழே வைத்தார்.

"மாப்பிள்ளை?"

"பிளாட்பாரத்துல கீறாரு. வர மாட்டேன்னுட்டாரு."

"கோவமா?"

"கோவமா இருந்தாத் தேவலையே. சிரிச்சிக்கினுதான் சொல்றாரு. 'மாமா, எனக்கு உங்க மேல வருத்தம் இல்ல. நீங்க என் கால்ட்ட குனியக்கூடாதுன்னு எடுத்தேன். அதுக்கே அவுட்டுன்னா, உங்க வீட்டுல எப்படி நடந்துக்கணும்னே எனக்குத் தெரியல'ன்றாரு. நான் இன்னா பதில் சொல்றது?"

அவர் சுவரோரமாக உட்கார்ந்து முட்டியைத் தேய்த்தார். "ஆடியிலேர்ந்து அந்த மனுஷன்கிட்ட ஒரு வார்த்தை பேசலை. இன்னிக்குத்தான் வாயைத் தொறந்தேன். 'எடுத்துக் குடுங்க'ன்னு நான்தான் கேட்டேன். என் வாய் சும்மா இருந்திருந்தா அவரு நின்னு ஜெயிச்சிட்டுச் சிரிச்சிக்கினே வந்திருப்பாரு. எம்பொண்ணு வண்டி ஏறியிருப்பா."

அப்பா தம்மையே குற்றம் சொல்லிக்கொண்டதை வேதாசலத்தால் கேட்டுக்கொண்டிருக்க முடியவில்லை. கேட்டுக்கொண்டுதான் நின்றான்.

சுலோச்சனா பெட்டியிலிருந்து எழுந்தாள்.

"நைனா, நீ கேட்டியா? வாய் விட்டுக் கேட்டியா?"

"ஆங். கேட்டேம்மா."

அவள் தம்பி பக்கம் திரும்பினாள். குரல் உயரவில்லை. ஆட்டுக்கல் பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற அதே குரல்.

"வேதா. கையால தொடறது அவுட்டுன்னு படிச்சியே. அதுல இன்னும் கொஞ்சம் வருமே. ஒரு வாரமா மாவோட மாவா அதையும் அரைச்சேனே, இன்னா அது?"

அவன் மாலையின் நாரைப் பிடித்துத் திருகினான்.

"சொல்லுடா."

"எதிர்க்கட்சியார் கேட்டுக்கொண்டாலன்றி."

"கேட்டது உங்காதுல விழுந்துதா?"

பொய் சொல்ல அது நல்ல இடம். தூரம் அதிகம், கூட்டத்துச் சத்தம், காதில் விழவில்லை என்றால் யாரும் மறுக்கப்போவதில்லை.

"விழுந்துது" என்றான்.

தாயாரம்மாளுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் அவள் திட்டவில்லை. அடுப்பங்கரைக்குப் போய், வேகிற வடையைப் பாதியில் எடுத்து வைத்துவிட்டு அடுப்பில் தண்ணீரை ஊற்றி அணைத்தாள். அந்தச் சத்தத்தைவிட நாலு அறை வாங்கியிருக்கலாம் என்று அவனுக்குத் தோன்றியது.

பக்தவச்சலம் மட்டும் மெதுவாகக் கேட்டார். "ஏன்டா?"

வேதாசலம் ஸ்டேஷனைப் பார்த்து ஓடினான்.

சாயங்காலப் பாசஞ்சர் வந்து நின்றிருந்தது. அரக்கோணம் டீம் ஒரு பெட்டியில் ஏறி உட்கார்ந்து, தோற்றதற்கு யார் காரணம் என்று பேசிக்கொண்டிருந்தது. கஜபதி ஜன்னலோரம் இருந்தார். மாலையும் கழுத்துமாக ஓடிவந்தவனைப் பார்த்ததும் உள்ளே யாரோ, "வரான்டா ஜட்ஜு!" என்றார்கள்.

"பாவா" என்றான் வேதாசலம். மூச்சு வாங்கியது. "நீங்க அவுட் இல்ல."

"இன்னா?"

"நைனா கேட்டாரு, நீங்க குடுத்தீங்க. கேட்டுக் குடுத்தா அவுட் இல்ல. சட்டத்துலயே கீது."

சிங்காரம் எட்டிப் பார்த்தார். "அடப்பாவி! நான் கேட்டப்ப..."

கஜபதி கையைக் காட்டி அவரை நிறுத்தினார். "உனக்கு எப்போ தெரியும்? இப்போ புஸ்தகம் பார்த்தியா?"

"அப்பவே தெரியும்."

"அப்புறம் ஏன் தூக்கினே?"

"பூட்டுன்னு சொன்னீங்க."

சொன்ன பிறகுதான் அது எவ்வளவு சின்னதாக இருக்கிறதென்று அவனுக்கே தெரிந்தது. ஆறு மாதம் அக்காள் பெட்டி மேல் உட்கார்ந்திருந்ததற்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. போதாக்குறைக்கு, பூட்டினது அவனேதான்.

கஜபதி ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி முன்னால் சாய்ந்தார். "நானும் நாலு பேர் முன்னால அதைச் சொல்லியிருக்க வேணாம்" என்றார். பிறகு, "ஆனா மச்சான், பொட்டல் பூரா பார்க்கத்தான விரலைத் தூக்கினே? இப்ப ஜன்னல்ல வந்து ரகசியம் மாதிரி சொல்றே. உங்கப்பா கேட்டு நான் குடுத்தேன்னு அந்த ஊருக்குத் தெரியணும். எனக்காக இல்ல. அந்த மனுஷன் குனிஞ்சாரே, அதுக்காக."

கார்டு விசில் ஊதினார்.

"பாவா, அக்கா..."

"அவளுக்காகத்தான் நான் வந்தேன். ரெண்டு தடவை வந்தேன்" என்றார் கஜபதி. வண்டி நகர்ந்தது.

வேதாசலம் கூடவே கொஞ்சம் நடந்தான். அப்புறம் நின்றுவிட்டான். ஒவ்வொரு பெட்டியாக அவனைக் கடந்து போயிற்று. கடைசியாக வந்தது பெண்கள் பெட்டி.

ஜன்னலில் மாம்பழ மஞ்சள் புடவை தெரிந்தது.

சுலோச்சனா மடியில் ஒரு தூக்குப் பாத்திரத்தைப் பிடித்துக்கொண்டு நேரே முன்னால் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். தம்பியைப் பார்த்தாளோ என்னவோ, முகத்தைத் திருப்பவில்லை. வண்டியின் முன்பக்கத்தில் உட்கார்ந்திருந்தவருக்குப் பின்பக்கத்தில் யார் ஏறினார்கள் என்பது தெரியாது. அரக்கோணத்தில் இறங்கும்போதுதான் தெரியும். தெரிந்தால் என்ன சொல்வாரோ?

பிளாட்பாரத்தின் கோடியில் பக்தவச்சலம் நின்றிருந்தார். தோளில் பெட்டியின் துரு அப்பியிருந்தது.

"நீ ஓடின கையோட கெளம்பிட்டா. யாரும் கூப்பிட வேணாம், யாரும் அனுப்ப வேணாம், நானே போறேன்னுட்டா. 'பெட்டியை மட்டும் தூக்கிக் குடு நைனா'ன்னு கேட்டா." அவர் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "கேட்டா. தூக்கிக் குடுத்தேன்."

அவர் மகனைத் தொடவும் இல்லை, திட்டவும் இல்லை. நொண்டியபடி பார்சல் ஆபீஸ் பக்கம் போனார்.

ஸ்டேஷன் வாசலில் மேளம் கேட்டது. அம்பயரைத் தேடி வீட்டுக்குப் போய், அங்கே இல்லையென்று கூட்டம் இங்கே வந்துவிட்டது. முன்னால் கரீமுல்லா, பக்கத்தில் பங்காரு ரெட்டியார், பின்னால் பொட்டலில் இருந்த பாதி ஊர். அவனைத் தோளில் தூக்கி மலையடிவாரம் வரை கொண்டுபோவதாகத் திட்டம்.

"எங்க ஒளிஞ்சிக்கினே வாத்தியாரே? வா, வா!"

வேதாசலம் மாலையைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டான். மேளத்தை நிறுத்தச் சொல்லி வலக்கையை உயர்த்தினான்.

"டேய், மறுபடியும் தூக்கிட்டான்டா!" என்றான் கரீமுல்லா. "இப்ப யாருப்பா அவுட்டு?"

கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. பங்காரு ரெட்டியார் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

வேதாசலம் கையை இறக்கவில்லை. சிரிப்பு அடங்கட்டும் என்று காத்திருந்தான்.